கன்னியாகுமரி மாவட்டத்து குளங்கள்ல வருஷம் முழுக்க நீர்ப்பறவை பாக்குறது எப்படி: முழு வழிகாட்டி

நம்ம மாவட்டத்துல பறவை பாக்கணும்னு ஆசைப்படுறவங்க நிறைய பேரு ஜனவரில ஒரு ஞாயித்துக்கிழமை சுசீந்திரம் குளத்தாங்கரையில வண்டிய நிப்பாட்டி, நாலு போட்டோ எடுத்துட்டு, "கூழைக்கடா பாத்தாச்சு"ன்னு போயிருவாங்க. அது தப்பில்ல. ஆனா அதே குளத்துக்கு ஜூன்ல ஒரு தடவ, அக்டோபர்ல ஒரு தடவ, ஏப்ரல்ல ஒரு தடவ போய் பாருங்க, அங்க நடக்குற கதையே வேற. இந்த வழிகாட்டில நான் சொல்ல வாறது ஒண்ணே ஒண்ணுதான், முதல்ல தண்ணிய பாக்க பழகணும், பறவை அதுக்கு பொறவுதான். அணை எப்ப தொறக்கான், வயல்ல எந்த பூவு (நெல் போகம்) நடக்கு, குளத்துல எத்தன அடி தண்ணி நிக்கி, இது மூணும் தெரிஞ்சா எந்த பறவை எங்க நிக்கும்ங்கிறத வீட்ல இருந்தே பாதி சொல்லிரலாம்.

நம்ம ஊருக்கு ஒரு பெரிய விசேஷம் இருக்கு. தென்மேற்கு பருவமழையும் கிடைக்கு, வடகிழக்கு பருவமழையும் கிடைக்கு. தமிழ்நாட்டுல நிறைய ஊர்ல குளம் ஐப்பசி கார்த்திகைக்குத்தான் நிறையும், நம்ம ஊர்ல ஜூன்லயே பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைத் தண்ணி சானல் வழியா வந்து சேர்ந்துரும். அதனால நம்ம குளங்கள்ல உள்ளூர் பறவைக்கு ஒரு சீசன், வெளியூர் பறவைக்கு ஒரு சீசன்னு ரெண்டும் தனித்தனியா பாக்கலாம். இந்தியாவோட தெக்கு முனையில இருக்கோம், மத்திய ஆசிய வலசைப் பாதையில பறந்து வாற பறவைக்கு பெருநிலத்துல இதுக்கு மேல தெக்க போக குளம் கிடையாது. இத மனசுல வச்சுக்கிடுங்க.

முதல் படி: ஒரு குளத்த உங்க குளமா எடுத்துக்கிடுங்க

பத்து குளத்துக்கு ஒவ்வொரு தடவ போறத விட, ஒரே குளத்துக்கு மாசத்துக்கு ரெண்டு தடவ போறது எவ்வளவோ மேல். வீட்டுல இருந்து சைக்கிள்லயோ டவுன் பஸ்லயோ போக முடியுற குளமா இருக்கணும், இல்லைன்னா மூணாவது மாசத்துல விட்டுருவீங்க. குளம் பேர்பெத்ததா இருக்கணும்னு அவசியமே இல்ல. புத்தேரி, பறக்கை, மாணிக்கபுத்தேரின்னு எத்தனையோ குளம் கெடக்கு. உங்க ஊர் குளத்துல தண்ணியும் கொஞ்சம் சேறும் கொஞ்சம் செடியும் இருந்தா போதும்.

ஆரம்பிக்கிறவங்களுக்கு எளிசா இருக்கணும்னா என் பரிந்துரை சுசீந்திரம் குளமும் தேரூர் குளமும்தான். நாகர்கோவில்ல இருந்து கன்னியாகுமரி போற பஸ் ஏறினா சுசீந்திரத்துல இறங்கிக்கிடலாம், பெரிய ரோட்டோரத்துலயே குளம். தேரூர் அங்கேருந்து கொஞ்ச தூரம்தான், கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பொறந்த ஊரு. சுசீந்திரம், தேரூர், மணக்குடி மூணையும் சேத்து 2015ல காப்பகமா அறிவிச்சாங்க, பொறவு 2022ல சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் நாகர்கோவிலுக்கு மேக்க உள்ள வேம்பனூர் ஈரநிலமும் ராம்சார் பட்டியல்ல சேர்ந்தாச்சு. உலக அளவுல முக்கியமான ஈரநிலம்ங்கிற பட்டியல் அது, நம்ம மாவட்டத்துக்கு அதுல ரெண்டு இடம் இருக்குங்கிறது சின்ன விஷயம் இல்ல.

மார்கழில சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் திருவிழா நடக்குற பத்து நாளும் ரோட்டுல கூட்டமும் வெடியும் இருக்கும், அந்த நாட்கள்ல தேரூர் பக்கமோ வேம்பனூர் பக்கமோ போயிருங்க.

ரெண்டாவது படி: கையில என்ன வேணும்

பைனாகுலர் ஒண்ணு, நோட்டு ஒண்ணு, தொப்பி, தண்ணி. அவ்வளவுதான். பைனாகுலர் வாங்கும்போது 8 மடங்கு பெருசாக்குறதா, முன்கண்ணாடி 40 அல்லது 42 மில்லிமீட்டரா பாத்து வாங்குங்க. 20 மடங்கு 30 மடங்குன்னு கடையில காட்டுறத வாங்காதீங்க, கை நடுக்கத்துல ஒண்ணும் தெரியாது. வாங்கினவுடனே உங்க கண்ணுக்கு ஏத்தமாதிரி அத செட் பண்ணணும், இத பலபேரு செய்றதே இல்ல: முதல்ல வலது பக்கத்த கையால மறைச்சிட்டு நடுவுல உள்ள சக்கரத்த திருகி இடது கண்ணுக்கு தெளிவாக்குங்க, பொறவு இடது பக்கத்த மறைச்சிட்டு வலது கண் பக்கத்துல உள்ள சின்ன வளையத்த மட்டும் திருகி தெளிவாக்குங்க. அந்த வளையத்த அப்புறம் தொடவேண்டாம், நடு சக்கரம் மட்டும் போதும். கண்ணாடி போடுறவங்க கண் பக்கத்து ரப்பரை உள்ள மடக்கி வச்சு பாக்கணும்.

கேமரா இருந்தா கொண்டு போங்க, ஆனா முதல் அரைமணி நேரம் பைக்குள்ளயே இருக்கட்டும். கேமரா கையில இருந்தா கிட்ட நிக்குற ஒரு பறவைதான் கண்ணுக்கு தெரியும், தூரத்துல நிக்குற நூறு பறவை தெரியாது.

செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கிடுங்க. குளத்தாங்கரை புல்லுல விரியன் கெடக்கும். கையில ஒரு கம்பு வச்சு தட்டிக்கிட்டே பைய நடந்தா அதுவே விலகிப் போயிரும்.

நேரம் ரொம்ப முக்கியம். வெள்ளன ஆறு மணிக்கெல்லாம் கரையில நிக்கணும், எட்டரை ஒன்பது வரைக்கும் பாக்கலாம், அதுக்கு மேல வெயில்ல தண்ணி பளபளத்து கண்ணு கூசும். சூரியன் உங்க முதுகுக்கு பின்னால இருக்குற கரையா பாத்து நில்லுங்க, காலையில கெழக்கு கரை, சாயந்திரம் மேக்கு கரை. இந்த ஒரு விஷயத்த மாத்தினாலே இதுவரைக்கும் கருப்பு உருவமா தெரிஞ்சது எல்லாம் கலரா தெரிய ஆரம்பிக்கும்.

மூணாவது படி: தண்ணிய வாசிக்கிறது

கரைக்கு போனதும் பைனாகுலர தூக்காதீங்க. முதல்ல படித்துறைக்கு போங்க. தண்ணிக்கு மேல எத்தன படி தெரியுதுன்னு எண்ணி நோட்டுல எழுதுங்க. படித்துறை இல்லாத குளமா இருந்தா மடைக்கல்லோ வேற ஏதாவது அசையாத கல்லோ ஒண்ண அடையாளம் வச்சுக்கிடுங்க. ஒவ்வொரு தடவையும் அதே கல்லு, அதே படி. அடுத்தது வயல பாருங்க, நாத்து நட்டிருக்கா, கதிர் வந்துட்டா, அறுத்து தாளா கெடக்கா. மறுகால் (குளம் நெரம்பி வெளிய போற தண்ணி) பாயுதா. குளத்துல தாமரை எவ்வளவு தூரம் மூடியிருக்கு, ஆகாயத்தாமரை எவ்வளவு, வெறும் தண்ணி எவ்வளவு. இவ்வளவையும் எழுத ரெண்டு நிமிஷம்கூட ஆகாது.

ஏன் இதெல்லாம்னா, நீர்ப்பறவை நிக்குற இடத்த தீர்மானிக்கிறது அதோட கால் நீளமும் அலகு நீளமும்தான். விரக்கடை ஆழத்துல சின்ன உள்ளான் (சேத்துல மேயுற கரைப்பறவை), முழங்கால் ஆழத்துல சாம்பல் நாரையும் பெரிய கொக்கும், தலைய முக்கி மேயுற வாத்துக்கு அதுல இருந்து கொஞ்சம் கூட, முங்கி மீன் பிடிக்கிற நீர்க்காகத்துக்கும் முக்குளிப்பானுக்கும் நல்ல ஆழம். தண்ணி ஒரு படி இறங்கினா கரையோரம் பத்து இருபது அடிக்கு புதுசா சேறு வெளிய வரும், மறுநாளே அங்க உள்ளான் வந்து நிக்கும். தண்ணி ஒரு படி ஏறினா அதே உள்ளான் வயலுக்கோ உப்பளத்துக்கோ போயிரும். "போன வாரம் இருந்துச்சு, இந்த வாரம் ஒண்ணையும் காணோம்"னு சொல்றவங்க அந்த படிய எண்ணியிருந்தா காரணம் கையிலயே இருந்திருக்கும்.

நாலாவது படி: குளத்த துண்டு துண்டா பிரிச்சு பாக்குறது

ஒரு மூலையில இருந்து ஆரம்பிச்சு இடது பக்கத்துல இருந்து வலது பக்கத்துக்கு பைய பைய பாருங்க. கரையோர சேறு முதல்ல. ஆள்காட்டி, மடையான், வாலாட்டி, உள்ளான் எல்லாம் அங்கதான். கரையில உள்ள தென்னை, பனை, கரண்ட் கம்பி அடுத்து, மீன்கொத்தி மூணு வகையும் கம்பில உக்காந்திருக்கும். பொறவு சம்பும் கோரையும் நிக்குற இடம், இங்க கொஞ்சம் பொறுமை வேணும், அஞ்சு நிமிஷம் அசையாம நின்னாத்தான் நீலத்தாழைக்கோழி வெளிய வரும், செந்நாரை கழுத்த நீட்டும். அப்புறம் தாமரை இலை பரப்பு, அது இலைக்கோழியோட இடம். கடைசியா நடு தண்ணி, வாத்து, நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம், பாம்புத்தாரா. முடிஞ்சதும் வானத்த ஒரு தடவ பாருங்க, திடீர்னு குளத்துல உள்ள எல்லாமும் ஒண்ணா எழும்பினா மேல சேற்றுப்பருந்தோ விரால் அடிப்பானோ வருதுன்னு அர்த்தம்.

தாமரையப் பத்தி ஒரு வார்த்தை. நம்ம குளங்கள்ல தாமரை குத்தகைக்கு வளக்குறாங்க, தோவாளை சந்தைக்கு பூவு போகுது, நிறைய குடும்பத்துக்கு அதுதான் வருமானம். குளம் முழுக்க தாமரையா இருந்தா போட்டோவுக்கு அழகுதான், ஆனா வாத்துக்கு இறங்க இடம் கிடையாது. அதே நேரம் தாமரை மாதிரி மிதக்குற இலையே இல்லைன்னா இலைக்கோழிக்கு கூடு கட்ட இடம் கிடையாது. என்னைக் கேட்டா பாதி தாமரை பாதி வெறும் தண்ணின்னு கெடக்குற குளந்தான் பறவை பாக்க ஒண்ணாந்தரம். ஆகாயத்தாமரை மூடின குளத்துல வாத்துக்கு வழியில்ல, அங்க தாழைக்கோழி, மடையான் மாதிரி சிலதுதான் மிஞ்சும்.

அஞ்சாவது படி: சீசன் சீசனா என்ன பாக்கணும்

ஜூன்ல இருந்து செப்டம்பர் வரை, கன்னிப்பூ (முதல் போக நெல்) காலம்

வருஷத்த ஜனவரில ஆரம்பிக்காதீங்க, ஜூன்ல ஆரம்பிங்க. வழக்கமா ஜூன் முத வாரத்துல அணையத் தொறப்பாங்க, சானல்ல தண்ணி வந்து குளம் ஏறும், சாரல் மழை விட்டு விட்டு பெய்யும். ஆகஸ்ட் வரைக்கும் வெளிநாட்டு பறவை அனேகமா இருக்காது, அதனாலயே இதுதான் படிக்க நல்ல காலம், குளத்துல இருக்குறது பெரும்பாலும் நம்ம ஊர்க்காரங்க. ஒரு இருபது முப்பது வகைய இந்த நாலு மாசத்துல நல்லா மனசுல பதிச்சுட்டீங்கன்னா பொறவு அக்டோபர்ல புதுசா ஒண்ணு வந்தா உடனே கண்ணுல படும்.

இந்த காலத்தோட ராஜா நீளவால் இலைக்கோழி. வெள்ளை முகம், பின்கழுத்துல தங்க மஞ்சள், சாக்லேட் கலர் ஒடம்பு, நீளமா வளைஞ்ச கருப்பு வால், நீண்ட விரல வச்சு தாமரை இலை மேல நடந்து போறத பாத்தா அன்னைக்கு வேற எதுவும் பாக்க தோணாது. இதுல பொட்டைதான் ஆணை விட பெருசு, அது ஒரு ஆணோட சேர்ந்து நாலு முட்டை வச்சுட்டு அடுத்த ஆணைத் தேடிப் போயிரும், அடைகாக்குறதும் குஞ்சப் பாத்துக்கிடுறதும் ஆண் வேலை. ஒரே குளத்துல மூணு நாலு ஆணுங்க தனித்தனியா குஞ்சோட சுத்துறத ஆகஸ்ட் வாக்குல பாக்கலாம். இதோட சொந்தக்காரன் தாமரை இலைக்கோழி, வெண்கல கலர் எறக்கை, கண்ணுக்கு மேல வெள்ளைக் கோடு, வால் குட்டை, கொஞ்சம் ஒளிஞ்சே நடக்கும்.

நீலத்தாழைக்கோழி குஞ்சு, தாழைக்கோழி குஞ்சு, கரும்பஞ்சு உருண்டை மாதிரி முக்குளிப்பான் குஞ்சு அம்மா முதுகுல ஏறி உக்காந்திருக்கிறது, எல்லாம் இந்த மாசங்கள்லதான். சீழ்க்கைச் சிறகி கூட்டமா வந்து இறங்கும், பேருக்கு ஏத்தபடி விசில் அடிச்சிட்டே பறக்கும், சாயந்திரம் இருட்டுற நேரத்துல வயலுக்கு மேய கிளம்பும். புள்ளிமூக்கு வாத்து ஜோடி ஜோடியா நிக்கும், அலகு நுனி மஞ்சள், எறக்கையில பச்சையும் வெள்ளையும்.

வயல்ல நத்தைகுத்தி நாரைய கவனிங்க. மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவுல ஒரு இடைவெளி தெரியும், நத்தைய பிடிச்சு தின்ன தோதா அமைஞ்ச அலகு, குஞ்சுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். நெல்லுக்கு சேதம் பண்ணுற நத்தைய இது தின்னுது, அதனால விவசாயிங்க இத விரட்ட மாட்டாங்க. நீலத்தாழைக்கோழி விஷயத்துல அப்படி இல்ல, அது பயிர ஒடிக்கும், விரட்டத்தான் செய்வாங்க, நாம அங்க போய் நியாயம் பேசாம இருக்குறது நல்லது.

ஆகஸ்ட் பாதில இருந்தே ஒண்ண கவனிக்க ஆரம்பிங்க. கரையோரம் வாலை ஆட்டிக்கிட்டே நடக்குற சின்ன உள்ளான் ஒண்ணு வந்திருக்கும், முதுகுல வெள்ளைப்புள்ளி போட்ட பொரி உள்ளானும் வந்திருக்கும். வலசை வாறதுல முந்திக்கிறது இதுங்கதான். முதல்ல எந்த தேதில பாத்தீங்கன்னு கட்டாயம் எழுதி வைங்க.

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை, மழையும் வரத்தும்

கும்பப்பூ (ரெண்டாம் போக நெல்) நடவு நடக்கும், வடகிழக்கு பருவமழை ஐப்பசில பிடிச்சுதுன்னா குளம் நெரம்பி மறுகால் பாயும். இந்த மாசங்கள்ல நிறைய பேரு ஏமாந்து போறாங்க, ஏன்னா வெளிநாட்டு பறவை வந்தாச்சுன்னு பேப்பர்ல வரும், குளத்துக்கு போனா வெறும் தண்ணிதான் தெரியும். காரணம் சிம்பிள், மாவட்டம் முழுக்க தண்ணி, பறவைக்கு எங்க வேணும்னாலும் இடம் இருக்கு, அதனால சிதறிப் போய் நிக்கும். ஆழம் கூடிட்டதால நீளக்கால் பறவைக்கும் குளத்துல நிக்க முடியாது. அதுங்களத் தேடி நடவு வயலுக்கு போங்க.

குளத்துல நடு தண்ணிய பாருங்க. நீலச்சிறகி வாத்து கூட்டமா வந்து இறங்கியிருக்கும், ஊசிவால் வாத்து, தட்டைவாயனும் வரும். இப்ப ஒரு சிக்கல் உண்டு. ஐரோப்பா, ரஷ்யா பக்கத்துல இருந்து வாற ஆண் வாத்துக்கு இந்த நேரத்துல அழகு இறகு இருக்காது, பொட்டை மாதிரியே பழுப்பா இருக்கும். புத்தகத்துல உள்ள படத்த வச்சு தேடினா கிடைக்காது. நீலச்சிறகி ஆணோட அகலமான வெள்ளைப் புருவம் நல்லா தெரிய ஜனவரி பிப்ரவரி ஆயிரும். அதுவரைக்கும் அலகோட வடிவம், ஒடம்பு அளவு, பறக்கும்போது எறக்கையோட முன்பக்கம் தெரியுற வெளிர் நீலம், இத வச்சுத்தான் சொல்லணும்.

மீசை ஆலா தண்ணிக்கு மேல தாழ பறந்து பறந்து பூச்சி பிடிக்கும், இந்த காலத்துல அது வெள்ளையும் சாம்பலுமா இருக்கும். நீளவால் இலைக்கோழியும் வாலை உதுத்துட்டு அடையாளமே தெரியாம ஆயிரும், மேல பழுப்பு, கழுத்துப் பக்கம் கருப்புக் கோடு, கூட்டமா சேர்ந்து பூனை கத்துற சத்தம் போடும். அந்த சத்தத்த ஒரு தடவ கேட்டு பழகிட்டா பொறவு விடாது.

ஜனவரில இருந்து மார்ச் வரை, நெருங்கி நிக்குற காலம்

இதுதான் எல்லாரும் வாற காலம், காரணமாத்தான் வாறாங்க. மழை நின்னாச்சு, தண்ணி படிப்படியா இறங்குது, பிப்ரவரி கடைசில அணையையும் அடைச்சிருவாங்க, கும்பப்பூ அறுப்பு நடக்கும். இருக்குற தண்ணில பறவை எல்லாம் ஒதுங்கி நெருங்கி நிக்கும். கூழைக்கடா கூட்டமா வரிசை கட்டி மீனை கரையோரம் ஒதுக்கிக்கிட்டு வந்து ஒரே நேரத்துல வாயத் தொறந்து முக்குறத பாருங்க, ஒருமணி நேரம் பாத்தாலும் சலிக்காது. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு கட்டுறத பாக்கணும்னா பக்கத்துல திருநெல்வேலி மாவட்டத்து கூந்தன்குளம் போகணும், ஒரு நாள் பயணத்துல போயிட்டு வந்துரலாம். கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், அன்றில், எல்லாம் இங்க நம்ம குளத்துலயும் அறுத்த வயல்லயும் கிடைக்கும்.

பாம்புத்தாராவ தேட தண்ணிய பாக்காதீங்க, நட்டுக்கிட்டு நிக்குற கட்டையையும் மரத்தையும் பாருங்க. அதோட இறகுல தண்ணி ஊறும், அதனால முங்கி மீன் பிடிச்சதும் எறக்கைய விரிச்சு காய வைக்கும். நீந்தும்போது ஒடம்பு முழுக்க தண்ணிக்குள்ள, கழுத்து மட்டும்தான் வெளிய.

இதே மாசங்கள்ல ஒரு நாளாவது மணக்குடிக்கும் புத்தளம், சாமித்தோப்பு உப்பளத்துக்கும் போகணும். பழையாறு வந்து கடல்ல சேருற இடம் மணக்குடி, 2004 சுனாமில அங்க இருந்த பாலமே அடிச்சிட்டு போச்சு, அலையாத்தி செடி நிக்குற கழிமுகம். குளத்துல அவ்வளவா பாக்க முடியாதத இங்க பாக்கலாம். பவளக்காலி, பச்சைக்காலி, பட்டாணி உள்ளான், நெடுங்கால் உள்ளான், பழுப்புத்தலை கடற்காகம், ஆலா வகைங்க. பூநாரை சில வருஷம் உப்பளத்துல வந்து நிக்கும், வராத வருஷமும் உண்டு. கடல் தண்ணி ஏறி இறங்குற ஏத்தவத்தம் நம்ம கரையில ஒரு மீட்டருக்கும் கொறவுதான், ஆனா அந்த கொஞ்ச வித்தியாசத்துலயே மண்திட்டு வெளிய தெரியும், வத்தம் உள்ள நேரத்த செல்லுல பாத்துட்டு காலையில வத்தம் வாற நாளா போங்க. உப்பளம் ஆளுங்க வேல பாக்குற இடம், கேக்காம பாத்தி வரப்புல ஏறாதீங்க. நெடுங்கால் உள்ளானும் ஆள்காட்டியும் வெறுந்தரையில, வரப்புலதான் முட்டை வைக்கும், கால் பட்டா போச்சு.

மார்ச் கடைசில இருந்து மே வரை

வெயிலுக்கு பயந்து யாரும் போறதில்ல. நான் ஏப்ரல விடவே மாட்டேன். கிளம்பப்போற பறவை எல்லாம் கல்யாண உடுப்பு மாத்துற மாசம் அது. மீசை ஆலாவுக்கு தலையில கருப்பு தொப்பியும் வயித்துல கரும்சாம்பலும் ஏறியிருக்கும், நவம்பர்ல பாத்த அதே பறவைன்னு நம்பவே முடியாது. மடையானுக்கு முதுகு செம்பழுப்பு ஆகும், உண்ணிக்கொக்குக்கு தலையும் கழுத்தும் ஆரஞ்சு ஆகும். வாத்து ஒரு நாள் இருக்கும், மறுநாள் மொத்தமா காணாது. அந்த கடைசி தேதியும் நோட்டுல வரணும். தண்ணி வத்தின குளத்துல மீன் பிடி நடக்கும்போது கொக்கும் நாரையும் செம்பருந்தும் மொய்க்கும், கொக்கு வகைங்கள பக்கத்துல பக்கத்துல வச்சு படிக்க இதவிட நல்ல நேரம் கிடையாது.

ஆறாவது படி: குழப்புற ஜோடிகள பிரிக்கிறது

வெள்ளைக் கொக்கு நாலு வகை. சின்னக் கொக்குக்கு அலகு கருப்பு, காலு கருப்பு, பாதம் மட்டும் மஞ்சள். உண்ணிக்கொக்கு குட்டைக் கழுத்து, மஞ்சள் அலகு, மாட்டுக்கு பக்கத்துலயே நிக்கும். பெரிய கொக்குக்கும் நடுத்தர கொக்குக்கும் அளவ வச்சு தனியா சொல்ல முடியாது, வாய்க்கோட்டப் (அலகுல இருந்து கண் பக்கமா நீளுற கோடு) பாருங்க, கண்ணையும் தாண்டி பின்னால போனா பெரிய கொக்கு, கண்ணுக்கு கீழேயே முடிஞ்சா நடுத்தரக் கொக்கு.

நாமக்கோழி முழுக்க கருப்பு, நெத்தியும் அலகும் வெள்ளை. தாழைக்கோழிக்கு நெத்தி சிவப்பு, அலகு நுனி மஞ்சள், ஒடம்பு ஓரத்துல வெள்ளைக் கோடு.

சின்ன உள்ளான் ரெண்டுல, வாலை ஓயாம ஆட்டி, தோள்பட்டைக்கு முன்னால வெள்ளை மேல ஏறியிருந்தா அது சாதா உள்ளான், முதுகு பூரா புள்ளியா, கொஞ்சம் உசரமா இருந்தா பொரி உள்ளான். பட்டாணி உள்ளான் மாதிரி தெரியுறதுங்கள்ல கண்ணச் சுத்தி மஞ்சள் வளையம் தெளிவா இருந்தா பட்டாணி உள்ளான், இல்லைன்னா மத்ததுங்க. மெர்லின் ஆப்ல போட்டோ போட்டா பேரு சொல்லும், உதவிக்கு நல்லதுதான், ஆனா உள்ளான் வகையில அது சொல்றத அப்படியே எடுத்துக்காதீங்க, கால் கலரையும் அலகு நீளத்தையும் நீங்களே பாத்து ஒத்துப்போகுதான்னு பாருங்க. பேரு தெரியலன்னா "உள்ளான் வகை"ன்னு எழுதுறது ஒரு கொறையும் இல்ல.

ஏழாவது படி: எண்ணுறது

பேரு மட்டும் எழுதினா பாதி வேல. எத்தனைன்னும் எழுதணும். கொஞ்சமா இருந்தா ஒண்ணொண்ணா எண்ணுங்க. கூட்டம்னா முதல்ல பத்த எண்ணி, அந்த பத்து எவ்வளவு இடம் பிடிக்குன்னு கண்ணால அளந்து, அதே அளவ கூட்டத்து மேல நகத்திக்கிட்டே போங்க. பெரிய கூட்டத்துக்கு அம்பது, நூறுன்னு. பறக்க ஆரம்பிச்சுட்டா எண்ணாதீங்க, இறங்கட்டும். ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல நின்னு, ஏறக்குறைய அதே நேரத்துல எண்ணணும், இல்லைன்னா போன மாசத்தையும் இந்த மாசத்தையும் ஒப்பிட முடியாது.

ஈபேர்ட்ங்கிற பறவைப் பட்டியல் ஆப்ல போட்டீங்கன்னா உங்க கணக்கு ஆராய்ச்சிக்கும் போகும், உங்களுக்கும் வருஷா வருஷம் பாக்க கிடைக்கும், சிக்னல் இல்லாத இடத்துலயும் வேல செய்யும். ஜனவரில பொங்கல் நாட்கள்ல தமிழ்நாடு முழுக்க பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கு, 15 நிமிஷம் பாத்து பட்டியல் போட்டா போதும், யாரும் சேரலாம். அதே ஜனவரில 1987ல ஆரம்பிச்ச ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் நடக்கும், வனத்துறையும் ஈரநிலப் பறவைக் கணக்கெடுப்பு நடத்துறாங்க, தன்னார்வலர சேத்துக்கிடுவாங்க, நாகர்கோவில்ல உள்ள மாவட்ட வன அலுவலகத்துல கேட்டா சொல்வாங்க. பழக்கமுள்ளவங்க கூட ஒரு நாள் நின்னா தனியா ஆறு மாசம் படிக்கிறத படிச்சிரலாம்.

எட்டாவது படி: குளத்து ஆளுங்களும் நம்ம நடத்தையும்

குளம் உங்களுக்கு முன்னாலயே பலபேருக்கு சொந்தம். தாமரை பறிக்கிறவங்க, மீன் குத்தகைக்காரங்க, மாடு குளிப்பாட்டுறவங்க, மடை தொறக்குறவங்க. போனதும் ஒரு வணக்கம் சொல்லி, "அண்ணாச்சி, பறவை பாக்க வந்தோம், இங்கன நிக்கலாமா"ன்னு கேட்டுக்கிடுங்க. தாமரை பறிக்க இறங்குற ஒரு அண்ணாச்சி என்கிட்ட, "தம்பி, அந்த மூலைக்கு போவாண்டாம் கேட்டியளா, கோழி முட்டை வச்சிருக்கு, நாங்களே ரெண்டு வாரமா அங்கன பூவு எடுக்கல"ன்னு சொன்னாரு. எந்த இலைக்கு கீழ எது அடைகாக்குன்னு அவங்களுக்கு தெரியுறது எந்த புத்தகத்துலயும் இருக்காது. பைனாகுலர அவங்க கையில குடுத்து பாக்கச் சொல்லுங்க, அடுத்த தடவ போகும்போது அவங்களே கூப்பிட்டு காட்டுவாங்க.

பறவை மேயுறத நிறுத்தி தலைய தூக்கி உங்களப் பாத்துதுன்னா நீங்க அதிகமா கிட்ட போயிட்டீங்க, அங்கேயே நில்லுங்க, ரெண்டு அடி பின்னால வைங்க. பறக்குற போட்டோ வேணும்னு கல்லு எறியுறது, கைதட்டுறது வேண்டவே வேண்டாம், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவை திரும்பிப் போக ஒடம்புல கொழுப்பு சேக்குற நேரம் அது, நாம எழுப்புற ஒவ்வொரு தடவையும் அதுல கொறையுது. கூட்டுக்கு பக்கத்துல போகக்கூடாது, நாம போனதும் காக்காவும் பருந்தும் அந்த இடத்த கண்டுபிடிச்சிரும், தாய் எழும்பினா வெயில்ல முட்டை கெட்டுப்போகும். செல்லுல குரல் போட்டு வரவழைக்கிறதும் ட்ரோன் விடுறதும் கூடவே கூடாது. கூடு இருக்குற எடத்த போட்டோவோட குரூப்ல போடாதீங்க.

கண்ணி, வலை, விஷம் வச்ச நெல்லு, ராத்திரி டார்ச் அடிச்சு பறவை பிடிக்கிறது, ரோட்டோரத்துல கொக்கும் தண்ணிக்கோழியும் விக்கிறது, இதுல எத பாத்தாலும் நீங்களா போய் சண்டை போடாதீங்க. 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி அது குற்றம். இடத்தையும் நேரத்தையும் குறிச்சு, முடிஞ்சா தூரத்துல இருந்தே ஒரு போட்டோ எடுத்து, உடனே வனத்துறைக்கு போன் பண்ணுங்க, அவங்க நம்பர செல்லுல முன்னாடியே போட்டு வச்சுக்கிடுங்க. வலையில சிக்கி உயிரோட இருக்குற பறவை கண்ணுல பட்டா ஒரு துணியால தலைய மூடிருங்க, துடிக்கிறது அடங்கும், நாரையும் பாம்புத்தாராவும் கண்ணப் பாத்து குத்தும் அதனால அலக முதல்ல பிடிச்சுக்கிடுங்க, மூக்கத் தொளை அடையாம பாத்துக்கிடுங்க, தண்ணி ஊத்தாதீங்க, காத்துப்போற அட்டைப்பெட்டில வச்சு வனத்துறை ஆளு வாற வரைக்கும் நிழல்ல வைங்க.